குளுவாங் பக்கம் எஸ்டேட் இன்டர்ன்ஷிப் வர்ற அக்ரி பசங்களுக்கு

மலேசியாவுல ஜொகூர் மாநிலத்துல இருக்கற குளுவாங்ல பஸ்ஸ விட்டு இறங்கி லக்கேஜோட நின்னுட்டிருந்தப்போ ஒரு அம்மா கேட்டாங்க, "பசியாறியாச்சா தம்பி?" நான் திருதிருன்னு முழிச்சேன். இங்க பசியாறுறதுன்னா காலை டிபன், அவ்ளோதான். அடுத்து சாப்பாட்டுக் கடையில "எட்டு வெள்ளி"ன்னாங்க, ரிங்கிட்டுக்கு நம்மாளுங்க வெள்ளின்னுதான் சொல்வாங்க, எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஞாபகம் வந்துச்சு. தமிழ் ஊர்தானே, சமாளிச்சுக்கலாம்னு வர்றவங்க முதல் வாரம் இப்படித்தான் முழிப்பீங்க, பரவால்ல.

நான் கோயம்புத்தூர்ல பி.எஸ்சி அக்ரி படிக்கறப்போ மூணு மாச எக்ஸ்சேஞ்சுல வந்தேன், அப்புறம் கோலாலம்பூர் பக்கம் செர்டாங்ல மாஸ்டர்ஸ், இப்போ இங்கயே வேலை. இங்க செம்பனை (பாம் ஆயில் எடுக்கற மரம்) எஸ்டேட்டுக்கு இன்டர்ன்ஷிப் எப்படி வர்றது, என்ன பாத்துக்கணும்னு வருஷா வருஷம் ஜூனியருங்க ஒரே கேள்விய கேக்கறதால மொத்தமா எழுதிடறேன்.

வர்றதுக்கு வழி ரெண்டு மூணு இருக்கு. ஐ.ஏ.ஏ.எஸ்னு அக்ரி ஸ்டூடன்ட்ஸே நடத்தற சர்வதேச சங்கம் ஒண்ணு, 1957ல துனிஸ்ல ஆரம்பிச்சது, ஆபீஸ் பெல்ஜியத்துல லூவன்ல, அவங்க மூலமா நாடு விட்டு நாடு இன்டர்ன்ஷிப் போகலாம். இல்லன்னா உங்க காலேஜுக்கும் இங்க இருக்கற யுனிவர்சிட்டிக்கும் ஒப்பந்தம் இருக்கும். எந்த வழியா இருந்தாலும் கிளம்பறதுக்கு முன்னாடியே எத்தனை கிரெடிட், யார் மார்க் போடுவாங்கன்னு டிபார்ட்மென்ட்ல எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, ஊருக்குத் திரும்பி வந்து கேட்டா "அப்படியா, அப்ப இருந்த ஹெச்.ஓ.டி மாறிட்டாரே"ம்பாங்க.

பாஸ், அதாவது இங்க தங்கறதுக்கான அனுமதி, அந்த விஷயத்துல விளையாடாதீங்க. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா இல்லாம விடறாங்க, ஆனா அது சுத்திப் பாக்கறதுக்கு. யுனிவர்சிட்டி எக்ஸ்சேஞ்ச்னா இ.எம்.ஜி.எஸ்னு வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸ் பாஸ பாத்துக்கற அமைப்பு மூலமா ஸ்டூடன்ட் பாஸ், கம்பெனில நேரா ட்ரெய்னிங்னா பெரும்பாலும் ப்ரொஃபஷனல் விசிட் பாஸ், அத ஹோஸ்ட் தான் அப்ளை பண்ணணும், நீங்க இல்ல. ஃப்ளைட்டுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல போட்டுடணும். பாஸ் ஸ்டாம்ப் அடிக்க வாங்கின பாஸ்போர்ட்ட "பத்திரமா வெச்சிருக்கோம்"னு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க, வேலை முடிஞ்சதும் திருப்பி வாங்கி உங்க பையிலயே வெச்சுக்கோங்க.

இப்போ எல்லாரும் கேக்க மறக்கற கேள்வி. எனக்கு வந்த ஆஃபர் லெட்டர்ல தங்க இடம் உண்டுன்னு போட்டிருந்துச்சு, இடமும் இருந்துச்சு, டவுன்ல ஒரு தாமான் (குடியிருப்புக் காலனி) வீட்டோட பின் ரூம், ஃபேன் கூட ஓடுச்சு. ஆனா எஸ்டேட் அங்கிருந்து 9 கிலோமீட்டர், காலைல ஆறு மணிக்கு பெரட்டு, அந்த நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது, இங்க விடியறதே ஏழு மணி ஆகும், அதனால முதல் வாரம் பூரா நான் வெயில் வந்தப்புறம் கிராப் கார் பிடிச்சுப் போய் ஆபீஸ்ல உக்காந்து யாரோ எழுதின ரிப்போர்ட்ட படிச்சுட்டிருந்தேன். பெரட்டுன்னா காலைல ஆள் எண்ணி வேலை பிரிக்கறது. அத விட்டா அன்னைக்கு எந்த ஃபீல்டுல அறுவடை, எங்க உரம், எங்க மருந்து எதுவும் தெரியாது, ஃபீல்டுக்குக் கூட்டிட்டுப் போகவும் ஆள் இருக்காது. அதனால லெட்டர் வந்ததும் திருப்பி மெயில் போடுங்க: காலைல ஆறு மணிக்கு நான் எப்படி வந்து சேர்றது? பதில் எழுத்துல வரணும். மோட்டார் எடுத்துக்கலாம்னு நினைக்கறவங்க ஊர்லயே டூவீலர் லைசென்ஸும் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் எடுத்துட்டு வாங்க, லைசென்ஸ் இல்லாம ஓட்டாதீங்க. மோட்டார்னா இங்க பைக், தண்ணி மோட்டார் இல்ல.

பாஷை பத்தி ஒண்ணு. எஸ்டேட்னா லயம் (தொழிலாளர் வரிசை வீடுங்க) பூரா நம்மாளுங்கன்னு பழைய நினைப்புல வராதீங்க. தமிழ் குடும்பங்கள் முக்காவாசி டவுன் தாமானுக்கு வந்தாச்சு, இப்போ ஃபீல்டுல இந்தோனேசியா, பங்களாதேஷ் ஆளுங்கதான் ஜாஸ்தி. கொஞ்சம் மலாய் வேணும்: குலைக்கு தண்டான், மட்டைக்கு பெலப்பா, பழுத்தா மாசாக், காய்னா மெந்தா. மேல இருந்து குலை விழப்போகுதுன்னா "ஹாத்தி ஹாத்தி"ன்னு கத்துவாங்க, ஜாக்கிரதைன்னு அர்த்தம், யோசிக்காம தள்ளிப் போயிடுங்க, ஒரு குலை 20 கிலோ வரும்.

குளுவாங் வர்றவங்க பாக்காம போகக்கூடாதது செம்பனையோட ஆண்பூ. கிட்ட போனா சோம்பு வாசம் அடிக்கும், டார்ச் அடிச்சுப் பாத்தா அரிசில பாதி கூட இல்லாத கறுப்பு வண்டு நூத்துக்கணக்குல ஊரும். பூவுக்குப் பூ மகரந்தம் சேக்கறது இந்த வண்டுதான், இத ஆப்பிரிக்காவுல காமரூன்ல இருந்து கொண்டு வந்து 1981ல மலேசியாவுல முதல்ல விட்ட இடங்கள்ல குளுவாங் பக்கமும் உண்டு. அதுக்கு முன்னாடி காத்துல மகரந்தம் சரியா சேராம ஆள் வெச்சு கையால தூவுவாங்க. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பாட்டி அந்த வேலை செஞ்சவங்க, மகரந்தத்த பவுடரோட கலந்து பூவுக்குப் பூவு ஊதணுமாம், "பூச்சி வந்துச்சு, எங்க வேலை போச்சு"ன்னு சிரிச்சுட்டே சொன்னாங்க. எனக்கு ப்ராஜெக்ட் டாபிக் கிடைச்சதே அந்த வாசல் திண்ணையில, சூப்பர்வைசர் ரூம்ல இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பழைய எஸ்டேட் ஆளுங்களோட பேசிப் பாருங்க, பால்மரம் (ரப்பர்) வெட்டின கதைல இருந்து ஆரம்பிப்பாங்க, நோட்டு மட்டும் கையில வெச்சுக்கோங்க.

சின்னச் சின்னது சில. முட்டி வரைக்கும் வர்ற ரப்பர் பூட் இங்கயே வாங்கிக்கலாம், எலி இருக்கறதால பாம்பும் இருக்கும். மட்டை முள்ளு குத்தினா அன்னைக்கே கிளினிக் போங்க, நான் ரெண்டு நாள் விட்டேன், விரல் வீங்கி பேனா பிடிக்க முடியல. ஜொகூர்ல 2024 வரைக்கும் வெள்ளி, சனி லீவு, 2025ல இருந்து சனி, ஞாயிறு, பெரியவங்க இன்னும் பழையபடி சொல்வாங்க, அதனால ஆபீஸ் போறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. ப்ளக் நம்ம ஊரு மாதிரி இல்ல, சதுர முள்ளு, அடாப்டர் வேணும். ரயில் ஸ்டேஷன் கோப்பிக் கடையில பால் வேணாம்னா கோப்பி ஓ, சர்க்கரையும் வேணாம்னா கோப்பி ஓ கொசோங். விதை, மண்ணு, வண்டு எதையும் பெர்மிட் இல்லாம ஊருக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, ஸ்டூடன்ட்னு சொன்னாலும் ஏர்போர்ட்ல விட மாட்டாங்க, ஃபோட்டோ எடுத்துக்கோங்க.

லாக்புக்ல மண்டோர் (ஆளுங்கள மேய்க்கற மேஸ்திரி) கையெழுத்த கடைசி வாரத்துக்கு வெக்காதீங்க. எங்க மண்டோர் நான் முடிக்கறதுக்கு நாலு நாள் முன்னாடி லீவுல லோம்போக் போயிட்டார், கையெழுத்து வாங்காம விட்ட அஞ்சு பக்கத்துல அந்த இடம் இன்னும் வெறும் கோடாத்தான் இருக்கு.