தொலைவிலிருந்து ஸ்கான் திறனை மதிப்பிடும்போது விடக்கூடாத தவறுகள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ வேலை செய்யும் இளம் வைத்தியருக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கான் பழக்கியாயிற்று. கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்க, நிபுணர் யாழ்ப்பாணத்திலிருந்தோ லண்டனிலிருந்தோ திரையில் வருகிறார். நல்ல ஏற்பாடுதான், ஏ9 வீதியில் ஒருவரும் அலைய வேண்டியதில்லை. ஆனால் அவர் போடும் புள்ளியில் வைத்தியரின் கைக்கு உரியது எவ்வளவு, மெஷினுக்கும் இன்டர்நெட்டுக்கும் உரியது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

அனுப்பிய படத்தை மட்டும் பார்த்துப் புள்ளி போடுவதுதான் பெரிய தவறு. சிசுவின் வயிற்றுச் சுற்றளவை அளந்த படத்தில் இரைப்பையும் தொப்புள் நாளமும் தெரிகின்றன, சிறுநீரகம் தெரியவில்லை. அப்படியென்றால் வெட்டுமுகம் சரி. அந்த ஒரு படத்துக்கு முன் எத்தனை அழிபட்டன என்பதைப் படம் சொல்லாது. டெங்கு நோயாளியின் வயிற்றில் நீர் கசிந்திருக்கிறதா என்று தேடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையில் அழகான படம் ஒன்றை எடுத்து ‘நீர் இல்லை’ என்று எழுதிவிடலாம். கொஞ்ச நீர் முதலில் தெரியக்கூடிய இடம் கல்லீரலின் கீழ் நுனி. புரோப் (உடலின் மேல் வைத்து நகர்த்தும் ஸ்கான் கருவி) அதுவரை போனதா? நெஞ்சறையின் அடிப்பகுதியையும் பார்த்தாரா? இதெல்லாம் தெரியவேண்டுமென்றால் ஒரு கமரா மெஷின் திரையையும் இன்னொன்று கையையும் காட்ட வேண்டும். இரண்டாவது போனை ஸ்டாண்டில் பூட்டிவிட்டால் போதும். தாதியின் கையில் கொடுக்காதீர்கள், அவவுக்கு வேறு வேலை இருக்கிறது.

அடுத்தது, நேரலையில் தெரியும் அசைவை நம்புவது. சிக்னல் குறைந்தால் வீடியோ சுருங்கும், இடையிடையே படங்கள் விடுபடும். மூச்சோடு நுரையீரல் சறுக்குவது மிக மெல்லிய அசைவு, முதலில் காணாமல் போவது அதுதான். வைத்தியர் ‘சறுக்குகிறது’ என்கிறார், நிபுணர் ‘இல்லை’ என்கிறார், புள்ளி போய்விடுகிறது. ஆகவே படத்தின் தரத்துக்கும் நோயறிதலுக்குமான புள்ளியை மெஷினிலேயே சேமித்த வீடியோத் துண்டைப் பார்த்துப் போடுங்கள். நேரலை, கையைப் பார்ப்பதற்கும் பேச்சைக் கேட்பதற்கும் மட்டும்தான். வட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டுமென்றால் சாதாரண வீடியோவாக அல்லாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள், அப்போது தரம் குறையாது. படத்தின் மேல் மூலையில் இருக்கும் நோயாளியின் பெயரை முதலில் நீக்கிவிடுங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டுமல்ல, முல்லைத்தீவு சின்ன ஊர்.

நல்ல ஆசிரியர்கள் விடும் தவறும் ஒன்று உண்டு: வாயை அடக்க முடியாமல் போவது. “கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ” என்று சொன்ன கணமே அந்தப் படம் உங்களுடையதாகிவிடுகிறது. நோயாளிக்கு ஆபத்து வரும்போலிருந்தால் கட்டாயம் பேசுங்கள், பேசியதை மதிப்பீட்டுத் தாளில் எழுதிவிடுங்கள். மற்றபடி மைக்கை நிறுத்தி வைப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு மெஷினின் வயது பிடிபடுவதில்லை. அங்கே பொத்தானை அமர்த்தினால் தெளியும் படம், இங்கே என்ன செய்தாலும் மங்கல்தான். வைத்தியர் ஆழத்தைக் குறைத்துப் பார்த்தாரா, கெயினை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதை) திருத்தினாரா, புரோப்பை மாற்றிப் பார்த்தாரா என்பதற்குத்தான் புள்ளி. ஸ்கான் திறனை மதிப்பிடும் ஓசாஸ் (OSAUS) என்ற அளவுகோல் மெஷின் அறிவு, படத்தைச் சீராக்குதல், ஒழுங்காகத் தேடுதல், விளக்கம் சொல்லுதல், பதிவு செய்தல் என்று தனித்தனியாகப் பார்க்கிறது, சிகிச்சை முடிவுக்கும் அதில் தனி இடம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே ‘பாஸ்’, ‘பெயில்’ ஆக்கினால் எதைத் திரும்பப் பழக்குவது என்று தெரியாது. முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் புள்ளி போடட்டும்.

மொழியையும் மறக்க வேண்டாம். கர்ப்பிணித் தாய் “பிள்ளை சுகமா இருக்கோ டொக்டர்?” என்று கேட்கிறார். திரையில் இருக்கும் நிபுணருக்குத் தமிழ் தெரியாது. வைத்தியர் சொன்ன பதில் தாயைத் தேற்றியதா, பயப்படுத்தியதா என்று அவர் எப்படிச் சொல்வார்? அந்தப் பகுதியைத் தமிழ் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். வீடியோ எடுக்கத் தாயின் சம்மதத்தையும் முன்னமே, கட்டிலில் ஏறிப் படுக்க முன், கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக, மதிப்பீட்டுத் தாளில் ‘பார்க்க முடியவில்லை’ என்று ஒரு கட்டம் வையுங்கள். லைன் அறுந்து பார்க்கமுடியாமல் போன பகுதிக்குச் சிலர் பூச்சியம் போடுகிறார்கள், சிலர் இரக்கப்பட்டு முழுப் புள்ளியும் கொடுக்கிறார்கள். இரண்டும் பிழை. அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு நாள் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.