ஆடாதோடை மணப்பாகு: வீட்டில் காய்ச்சும் இருமல் மருந்து

மூலிகைச் சாற்றைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சி எடுப்பதைச் சித்த மருத்துவத்தில் மணப்பாகு என்பார்கள். சளியோடு வரும் இருமலுக்கு ஆடாதோடை மணப்பாகு பேர்போனது. டாக்டர்கள் சளி இளக எழுதித் தரும் புரோம்ஹெக்சின்கூட ஆடாதோடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான். இந்த மணப்பாகு கடையிலும் பாட்டிலாகக் கிடைக்கும். கொல்லையில் செடி நிற்கிறவர்களுக்குத்தான் இந்தச் செய்முறை.

வேண்டியவை: ஓரளவு முற்றிய ஆடாதோடை இலை 30, பனங்கற்கண்டு 200 கிராம், அதிமதுரம் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, திப்பிலி 5, மிளகு ஒரு டீஸ்பூன், தேன் மூன்று டீஸ்பூன்.

இலை எதிரெதிராக, மாவிலையைவிட மென்மையாக இருக்கும். வெள்ளைப் பூவின் உதட்டில் ஊதாக் கோடுகள் ஓடும். பூ பார்க்காமல் செடியை முடிவு செய்ய வேண்டாம்.

முதலில் அதிமதுரம், திப்பிலி, மிளகை ஒன்றிரண்டாக இடித்து, 400 மில்லி தண்ணீரில் போட்டு 100 மில்லியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடித்து வையுங்கள்.

அடுத்தது இலைச் சாறு. பலரும் இங்கேதான் கையை விரிப்பார்கள், நானும்தான். துளசி மாதிரி நினைத்துப் பச்சையாக இடித்தால் சக்கைதான் மிஞ்சும், சாறு வராது. இலையின் நடுநரம்பை உருவிவிட்டு, இட்லித் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஆவியில் வைக்க வேண்டும். பச்சை மங்கி, இலை துவண்டு கையோடு ஒட்டும். சூடு ஆறுவதற்குள் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் ஓட்டி, துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் கரும்பச்சையாகச் சாறு இறங்கும். பழைய பருத்தி வேட்டித் துணிதான் இதற்குச் சரி. டீ வடிகட்டியில் ஊற்றினால் நார் எல்லாம் உள்ளே போய், பாகு தொண்டையில் அரிக்கும்.

சாறு ஏறக்குறைய 40 மில்லி தேறும். அதைக் கஷாயத்தோடு கலந்து, பனங்கற்கண்டைப் போட்டுக் கரையவிட்டு, மறுபடி ஒருமுறை துணியில் வடியுங்கள். பனங்கற்கண்டில் நாரும் மண்ணும் இல்லாமல் இருக்காது. (கண்ணாடிபோல் மின்னி, எல்லாக் கட்டியும் ஒரே அளவாக இருந்தால் நான் வாங்க மாட்டேன், சாயம் ஏற்றிய வெள்ளைச் சர்க்கரையாக இருக்கலாம்.) பிறகு அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில், சிறு தீயில். அலுமினியம் வேண்டவே வேண்டாம்.

இனி பதம். அதிரசத்துக்குப் பாகு வைத்துப் பழகிய கை கம்பிப் பதத்துக்குக் காத்திருக்கும். இங்கே கம்பி இழுத்தால் பாகு முற்றிவிட்டது என்று பொருள்; ஆறினதும் பாட்டில் அடியில் கல்கல்லாக உறைந்துவிடும். கொதிக்கும்போது பாகு எப்போதும் நீர்த்துத்தான் தெரியும், அதை நம்பக் கூடாது. ஃப்ரீசரில் வைத்த சில்லென்ற தட்டில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து நடுவில் விரலால் கோடு போடுங்கள். கோடு உடனே மூடினால் இன்னும் காய்ச்ச வேண்டும். மெதுவாக ஊர்ந்து மூடினால் அடுப்பை அணையுங்கள். முற்றிவிட்டதா? இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கினால் போதும். கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். தேனைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் கலக்க வேண்டும்.

வெந்நீரில் கொதிக்கவிட்டு, ஈரம் துளிகூட இல்லாமல் உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மூடி திறக்கும்போது புஸ்ஸென்று சத்தம் வந்தாலோ புளிப்பு வாடை அடித்தாலோ புளித்துவிட்டது, கொட்டிவிடுங்கள்.

பெரியவர்கள் காலையும் இரவும் ஒரு டீஸ்பூன். கசக்கத்தான் செய்யும், மறைக்க வழியில்லை.

கர்ப்பிணிகள் தொடவே கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும். ஒரு வயதுக்குள்ளான குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் ஆகாது. சின்னப் பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் கலப்படமான இருமல் சிரப்பால் குழந்தைகள் இறந்த செய்திக்குப் பிறகு, “இனி வீட்டு மருந்துதான்” என்று எழுதுகிறவர்கள் கூடிவிட்டார்கள். பயம் புரிகிறது. ஆனால் மூச்சு இரைத்தாலும், சளியில் ரத்தம் தெரிந்தாலும், இருமல் இரண்டு வாரம் தாண்டினாலும் இந்தப் பாகை நம்பி உட்காரக் கூடாது. சளிப் பரிசோதனைக்குப் போங்கள், காசநோயாகக்கூட இருக்கலாம்.

பின்சேர்க்கை: ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் ஒருவர் கேட்டிருந்தார். அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும், அதை விட்டுவிட்டுக் காய்ச்சுங்கள். சர்க்கரை நோயாளிகள் பனங்கற்கண்டைக் குறைத்துச் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. பாகைக் கெடாமல் வைத்திருப்பதே அந்தச் சர்க்கரைதான், குறைத்தால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இதே இலையைக் கஷாயமாக அன்றன்றைக்கு வைத்துக் குடிக்கலாம்.