தியானத்தில் அமர்ந்ததும் மூச்சு முட்டுகிறதா?

மன அமைதி வேண்டித் தியானத்தில் அமர்பவர்களில் பலர், மனத்தை அடக்க முயன்றே களைத்துப்போகிறார்கள். மூச்சிலிருந்து தொடங்குவது எளிது. வெறும் வயிற்றில், தெரிந்த இரண்டு மூன்று ஆசனங்களைச் செய்து உடலைத் தளர்த்திக்கொண்டு அமருங்கள்.

சம்மணமிடும்போது முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்து நின்றால் முதுகு கூனிவிடும். ஆகவே அவை தாழும்வரை, மடித்த போர்வையை இருக்கைக்கு அடியில் வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். தியானத்துக்கென்றே விற்கும் மெத்தைகளைவிட இதுவே மேல் என்பேன், ஏனெனில் ஒரு மடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். பத்மாசனம் கட்டாயமில்லை, நாற்காலியும் போதும்.

அடுத்தது நாடி சுத்தி, அதாவது நாசிகளை மாற்றி மாற்றி மூச்சுவிடும் பயிற்சி. வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொண்டு, கட்டைவிரலால் வலது நாசியை மூடி இடது வழியே இழுத்து, மோதிர விரலால் இடது நாசியை மூடி வலது வழியே விட்டு, மீண்டும் வலது வழியே இழுத்து இடது வழியே விட்டால் ஒரு சுற்று. இழுக்க 4 எண்ணிக்கை, விட 6. பூரகம் (மூச்சை இழுத்தல்) 16, கும்பகம் (உள்ளே அடக்குதல்) 64, ரேசகம் (வெளியே விடுதல்) 32 மாத்திரை (கால அளவு) என்ற மரபுக் கணக்கைப் படித்த வேகத்தில் மூச்சை அடக்கிப் பார்க்க வேண்டாம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை அறவே தவிர்க்க வேண்டும். கும்பகம் இல்லாமலேயே, வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு சற்றுத் தணியும்.

கையை இறக்கிவிட்டு மூச்சை வெறுமனே கவனிக்கும் கட்டம்தான் என்னை நெடுநாள் தடுமாறவைத்தது. கவனிக்கத் தொடங்கிய உடனேயே மூச்சு தன் இயல்பை விட்டு நம் கட்டளைக்குக் காத்து நிற்கும், நெஞ்சு இறுகும், உள்ளே போன காற்று போதவில்லை என்று தோன்றும், ஆழமாக இழுத்தாலோ இறுக்கம் இன்னும் கூடும். இதற்கு வழி, உள்மூச்சின் பக்கமே போகாமல் இருப்பதுதான். நாசியின் விளிம்பில் படும் வெதுவெதுப்பு ஓய்கிற இடம்வரை வெளிமூச்சை மட்டும் கவனித்துவிட்டு, இழுக்காமலும் அடக்காமலும் சும்மா இருங்கள். வயிறு தானாகச் சற்றே எழும்ப, குளிர்ந்த காற்று உள்ளே வரும். அதை நீங்கள் இழுக்கவில்லை, அதுவாகவே வந்தது என்று தெரிந்தால் பயிற்சி சரியாக நடக்கிறது. அப்போதும் இறுக்கம் நீடித்தால், மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு, தொடைமேல் கிடக்கும் உள்ளங்கைகளின் கனத்தைச் சிறிது நேரம் கவனியுங்கள்.

எண்ணங்கள் இழுத்துச் சென்றால் வெளிமூச்சுகளை 1 முதல் 10 வரை எண்ணுங்கள்; கணக்கு தவறினால் மீண்டும் 1. தொடக்கத்தில் 10 நிமிடங்கள் போதும். பின்னணி இசையை நான் பரிந்துரைப்பதில்லை. கவனம் மெட்டின் பின்னே போய்விடும். நேரம் முடிந்ததை அறிய ஒற்றை மணியோசை போதுமானது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. மூக்கடைப்பு இருக்கும் நாளில் நாடி சுத்தியை விட்டுவிட்டு, இரு நாசிகளாலும் அதே 4–6 கணக்கில் மூச்சு விடலாம். தூக்கம் வந்தால் கண்களைப் பாதி திறந்து, பார்வையைச் சற்றுத் தள்ளித் தரையில் நிறுத்துங்கள். கால் மரத்துப்போனால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். மெதுவாக நீட்டி, உணர்வு முழுதும் திரும்பிய பிறகே எழுந்து நில்லுங்கள்.