குழந்தைக்கு ஒரு 'சர்க்கரை' டெஸ்க்டாப்

பழைய லேப்டாப்பில் டெபியனோ உபுண்டுவோ (இரண்டும் லினக்ஸ் இயங்குதளங்கள்) இருக்கிறதா? அதிலேயே குழந்தைகளுக்கான 'சுகர்' டெஸ்க்டாப்பைப் போட்டுப் பார்க்கலாம். 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தில் 2007-இல் வந்த பச்சை–வெள்ளைக் கணினிகளுக்காக உருவானது இது.

மென்பொருள்களை நிறுவ உதவும் சினாப்டிக்கைத் திறந்து 'சுக்ரோஸ்' (sucrose) என்று தேடுங்கள். வேதியியலில் சர்க்கரைக்குச் சொல்கிறார்களே, அதேதான். ஆங்கில எழுத்துக்கூட்டலும் அதே. நிறுவியதும் லாக்-அவுட் செய்து, உள்நுழையும் திரையில் செஷன் பட்டியலில் சுகரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வழக்கமான டெஸ்க்டாப் அப்படியே இருக்கும். அடுத்த முறை பட்டியலில் அதையே தேர்ந்தெடுத்தால் போதும்.

முதலில் பெயரும் பிடித்த நிறமும் கேட்கும். அப்புறம் நடுவில் ஒரு மனித உருவம், சுற்றிலும் வட்டமாக ஐகான்கள். ஃபோல்டர், 'சேவ்' பொத்தான் என்று தேடாதீர்கள். செய்ததெல்லாம் 'ஜர்னல்' என்ற நாட்குறிப்பில் தானாகச் சேர்ந்துவிடும். குழந்தைக்கு இது உடனே பிடிபடும், நமக்குத்தான் கை பரபரக்கும். வெளியே வர வழி தெரியாமல் விழித்தால் எஃப்3 அழுத்துங்கள், முகப்புக்கு வந்துவிடும்.

எதையும் நிறுவ மனமில்லையா? ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் 'சுகர் ஆன் எ ஸ்டிக்' பதிப்பைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், முதலில் படங்களை எடுத்து வைத்துவிடுங்கள்.