ராணுவப் பள்ளி ஆசிரியர் பணிக்கொடை: நான் பெற்ற வழி

ராணுவ நலச் சங்கங்கள் நடத்தும் பள்ளிகளின் சிவிலியன் ஆசிரியர்கள், வளாகம் கன்டோன்மென்டுக்குள் இருந்தாலும், மத்திய அரசு ஊழியர்கள் அல்லர்; ஆகவே அரசு ஓய்வூதியத்தை எதிர்பார்த்துப் பயனில்லை. பணி முடியும்போது நிர்வாகம் தரவேண்டிய பணிக்கொடை (கிராச்சுவிட்டி) வேறு விஷயம். 2023-இல் நான் ஓய்வுபெற்றபோது, ஆசிரியர் ‘ஊழியர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்ற 2004-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி நிர்வாகம் கைவிரித்தது. அதற்குப் பிறகு 2009-இல் பணிக்கொடைச் சட்டமே திருத்தப்பட்டு, 3.4.1997 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களும் சேர்க்கப்பட்டதையும், அத்திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2022 ஆகஸ்டில் உறுதிசெய்ததையும் எழுதி, பணிக்கொடை கோரும் ‘ஃபார்ம் ஐ’ (Form I) விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அடுத்த முட்டுக்கட்டை ஒப்பந்தம். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால் என் பணி தொடர்ச்சியானதல்ல என்றார்கள். (கோடை விடுமுறையில் விடைத்தாள் திருத்த அழைத்தபோது இந்த நியாயம் யாருக்கும் தோன்றவில்லை.) ஆனால் 2012 முதல் ஒரு மாதமும் விடுபடாமல் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கில் பள்ளியின் பங்களிப்பு பதிவாகியிருந்தது. விடுமுறையிலும் பணி தொடர்ந்ததைக் காட்ட, மே மாதப் பதிவுகளை மட்டும் மஞ்சள் மையால் குறித்து, சம்பளச் சீட்டுகளோடு இணைத்து, பணிக்கொடைப் புகார்களை விசாரிக்கும் தொழிலாளர் துறைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ‘ஃபார்ம் என்’ (Form N) மனுவாகக் கொடுத்தேன். விசாரணையில் அந்த மஞ்சள் பதிவுகளுக்கு நிர்வாகத்திடம் பதில் இல்லை.

கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய். மாதத்துக்கு 26 வேலைநாள் என்ற கணக்கில் அதை 26-ஆல் வகுத்து, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பதால் 15-ஆல் பெருக்கினால், ஓராண்டுக்கு 15,000 ரூபாய். பதினோரு ஆண்டுகளுக்கு 1,65,000 ரூபாயும், தாமதத்துக்கான வட்டியும் வந்து சேர்ந்தன. பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டு உறுப்பினராக இருந்ததால், 10டி படிவத்தைத் தனியே கொடுத்து மாத ஓய்வூதியமும் பெறுகிறேன்.