வெங்காயச் சருகால் பருத்தி நூலுக்குச் சாயம்

எத்தெல் மைரே 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி எழுதிய புத்தகம்தான் சாயத்தொழிலில் எனக்கு வாத்தியார். ஆங்கிலேயப் பெண்ணானாலும் அவர் நமக்கு அந்நியரல்ல. இலங்கைத் தமிழ் வழிவந்த கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமியை மணந்து 1903இல் இலங்கை வந்தார். இருவருமாக ஊர் ஊராகப் போய்க் கைவினைகளைப் பதிவு செய்தார்கள். பிறகு இங்கிலாந்தில் டிச்லிங் கிராமத்தில் தறி போட்டு எத்தனையோ பேரைப் பழக்கிவிட்டார்.

ஆனால் அவருடைய பக்குவங்கள் பெரும்பாலும் கம்பளிக்கு. திருகோணமலை வெக்கையில் கம்பளியை யார் கட்டுவது? நமக்குப் பருத்திதான். சாயத்தை நூலில் ஒட்டவைப்பது படிகாரம். கம்பளி அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், பருத்தி பிடிக்காது. அதனால் முதலில் கடுக்காய் ஊட்ட வேண்டும். இந்த வேலையில் பாதி வெற்றி அங்கேதான்.

500 கிராம் நூலுக்குக் கணக்குச் சொல்கிறேன். நூலைக் கழியாக, அதாவது தளர்வான வளையமாகச் சுற்றிக் கட்டி, சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் அவியுங்கள். வெள்ளை நூல்தானே என்று விடாதீர்கள். தண்ணீர் வெறும் தேத்தண்ணி நிறத்தில் இறங்கும். அந்த மெழுகும் எண்ணெயும் போனால்தான் சாயம் திட்டுத்திட்டாகாமல் ஏறும். நன்றாக அலசிவிட்டு, 100 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்த சுடுநீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பிழிந்து, அலசாமல், 100 கிராம் படிகாரம் கரைத்த சுடுநீரில் இன்னொரு இரவு. அப்புறம் லேசாக ஒரு அலசல்.

சருகு 500 கிராம் வேண்டும். மொத்த வெங்காயக் கடையில் கேட்டால் சாக்கோடு தருவார்கள். ஒரு மணி நேரம் அவித்து, வடித்து, நூலை இறக்கி, கொதிக்கவிடாமல் இன்னும் ஒரு மணி நேரம் சூட்டில் வையுங்கள். ஆறும்வரை சட்டியிலேயே கிடக்கட்டும். பொன்னிறத்துக்கும் கபிலத்துக்கும் இடையில் ஒரு நிறம் வரும்.

சட்டி எவர்சில்வரில் இருக்கட்டும், சமையலுக்கு எடுக்காததாகவும் இருக்கட்டும். இரும்பு பட்டால் கடுக்காய் கறுத்து நிறத்தைக் கெடுத்துவிடும். கடலோரக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். மாரியில் பீப்பாயில் மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதையே எடுங்கள்.

நிழலில் காயப்போடுங்கள். பிறகு ஒரு துண்டு நூலை அட்டையில் சுற்றி, பாதியை மூடி, வெயில் விழும் ஜன்னலில் இரண்டு கிழமை வைத்துப் பாருங்கள். வெங்காயச் சாயம் வெயிலுக்கு அவ்வளவு தாங்காது. பைக்கும் மேசை விரிப்புக்கும் சரி, திரைச்சீலைக்கு வேண்டாம்.