தொற்றுக் காலத்தில் பிள்ளையின் விரல் சிவந்தால்

2020 இல் கொவிட் பரவியபோது, குளிர்நாடுகளில் பிள்ளைகளின் கால்விரல்கள் சிவந்து, ஊதாவாகி, வீங்கிக் கடித்தன. பலருக்குக் காய்ச்சலே இருக்கவில்லை. பரிசோதனையும் பெரும்பாலும் தொற்றில்லை என்றே சொன்னது. சில வாரங்களில் தானாக ஆறியது.

திருகோணமலை வெயிலில் குளிரால் விரல் சிவப்பது அரிது. ஆகவே முதலில் வேறு காரணங்களைப் பாருங்கள். நிலாவெளி மணலில் வெறுங்காலோடு ஓடியதில் கீறலோ பூச்சிக்கடியோ, புதுச் செருப்பு உரசியதோ இருக்கலாம். உள்ளங்கை, பாதம், வாய் மூன்றிலும் கொப்புளமென்றால் கை கால் வாய் நோயாக இருக்கக்கூடும்.

பகல் வெளிச்சத்தில் இரு கால்களையும் ஒப்பிட்டு, தினமும் ஒரே கோணத்தில் படமெடுங்கள். தோலில் சிவந்த புள்ளி இருந்தால் கண்ணாடிக் குவளையால் அழுத்துங்கள். காய்ச்சலோடு, அழுத்தியும் மறையாத புள்ளி இருந்தால் உடனே வைத்தியசாலை. அம்புலன்ஸுக்கு 1990 ஐ அழையுங்கள்.

கடியும் வலியும் மட்டுமென்றால் தளர்ந்த செருப்பு போதும். சுடுநீர் ஒத்தடம் வேண்டாம், தோல் வெந்துவிடும். கொப்புளத்தை உடைக்காதீர்கள், கிருமி புகும். வலிக்குப் பரசிற்றமோல் ஒரு வேளைக்கு, பிள்ளையின் நிறையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணிக்கொருமுறை. நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. அஸ்பிரின், இபுபுரோபன் கொடுக்கவே கூடாது: டெங்கு என்றால் இரத்தக்கசிவு கூடும்.

கொவிட் தொற்று வந்து 2 முதல் 6 வாரத்துக்குள் விடாத காய்ச்சல், சிவந்த கண், வயிற்றுவலி, வாந்தி, வீங்கிய கைகால் சேர்ந்து வந்தால் ஒருநாளும் காத்திருக்காதீர்கள். இதயத்தைப் பாதிக்கும் அழற்சியாக அது இருக்கலாம். அன்றே பிள்ளையை வைத்தியர் பார்க்கவேண்டும்.